பொட்டு வைத்த இடம்

எங்கள் அலுவலகத்தில் மூன்று பெட்டிகள்தான். கருவி, கையாள்பவர், நோயாளி. எந்த மருத்துவமனையில் எந்த மருத்துவக் கருவியால் யாருக்கு என்ன தீங்கு நேர்ந்தாலும், அந்தச் சம்பவம் இந்த மூன்றில் ஒன்றில் விழுந்தாக வேண்டும். தானாக விழவில்லை என்றால் நான் தள்ளிவிட வேண்டும். அதற்குத்தான் சம்பளம்.

பெட்டி என்றதும் மரப்பெட்டி என்று நினைத்துவிடாதீர்கள். திரையில் இருக்கும் மூன்று கட்டங்கள், அவ்வளவுதான். அறிக்கைகளை முதலில் படிப்பது நானும் இல்லை, அடுக்கி. அந்த மென்பொருளின் அரசாங்கப் பெயர் ஒன்றரை வரி நீளம் என்பதால் நாங்கள் வைத்த செல்லப் பெயர் அது. ஒரு நாளைக்கு நானூறு அறிக்கைகளைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெட்டியும் ஒரு சதவீதமும் சொல்லும். சரி என்றால் நான் பச்சைப் பொத்தானை அழுத்துவேன். திருச்சி அலுவலகத்தில் ஒன்பது வருடங்களாக அழுத்திக்கொண்டிருக்கிறேன். ‘நிறைமதி, பரிசோதகர், நிலை இரண்டு’ என்று மேசையில் பலகை இருக்கிறது. அதற்குப் பதில் ஒரு பச்சைப் பொத்தானை வரைந்து வைத்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.

அந்த அறிக்கை வந்தது ஆயுத பூஜை முடிந்த நான்காம் நாள். சம்பந்தப்பட்ட கருவி, வலி மருந்தை நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றும் பம்ப். புற்றுநோய் வார்டுகளில் இரண்டு வருடங்களாக இருக்கிறது. அதன் விசேஷமே அதன் கண்தான். பட்டாணி அளவில் ஒரு கேமரா. அது நோயாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும். நெற்றி சுருங்குகிறதா, உதடு கடிபடுகிறதா, மூச்சு எப்படிப் போகிறது என்று கவனித்து வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்து வரை மதிப்பெண் போடும். வலி ஏறினால் மருந்தைக் கூட்டும். மூச்சு குறைந்தால் மருந்தை நிறுத்திவிட்டு ஊரைக் கூட்டும்.

அறிக்கை நான்கே வரி. ‘ஆயுத பூஜையன்று கருவியின் கண் மீது நான் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டேன். அதனால் கருவிக்கு நோயாளியின் முகம் தெரியவில்லை. மருந்து அதிகமாகி மூச்சு குறைந்து, நோயாளி இரண்டு நாள் செயற்கை சுவாசத்தில் இருந்து மீண்டார். தவறு என்னுடையது.’ கீழே கையெழுத்து: பிலோமினா, செவிலியர். நோயாளி மாசிலாமணி, வயது அறுபத்தேழு. மருத்துவமனையின் பெயரை நான் சொல்லக் கூடாது. காவிரிக்கரை ஊர், திருச்சியிலிருந்து பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்.

அடுக்கி சொன்னது: கையாள்பவர், 98 சதவீதம்.

விரல் பொத்தானுக்குப் போய்விட்டது. ஆனால் ‘தவறு என்னுடையது’ என்ற வரி என்னை இழுத்துப் பிடித்தது. ஒன்பது வருடத்தில் அப்படி ஒரு வரியை நான் படித்ததே இல்லை. ‘கருவி தானாகவே கீழே விழுந்தது’ என்றுதான் எழுதுவார்கள். என்னவோ கருவிக்கு வாழ்க்கை வெறுத்துப்போன மாதிரி. தானாக முன்வந்து மாட்டிக்கொள்கிற இந்த அம்மாள் யார் என்று இணைப்புகளைத் திறந்தேன். பம்பின் பதிவேட்டில் காலை 10.52க்குக் கண் இருண்டிருக்கிறது. பிற்பகல் 3.10க்கு யாரோ கையால் நிறுத்தியிருக்கிறார்கள். வார்டின் வருகைப் பதிவில் பிலோமினா அன்று உள்ளே வந்தது பகல் 1.30க்கு.

தொலைபேசியில் கூப்பிட்டேன்.

“சிஸ்டர், பொட்டு நீங்கதான் வெச்சீங்களா?”

“ஆமா மேடம். அதான் எழுதிருக்கேனே.”

“எத்தனை மணிக்கு?”

“பூஜை நடந்தப்ப.”

“பூஜை பத்தரைக்கு. நீங்க டியூட்டிக்கு வந்ததே ஒன்றரைக்கு.”

அந்தப் பக்கம் யாரோ தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“பூஜை பாக்கலாம்னு சீக்கிரமே வந்துட்டேன்.”

“கேட்டுல பதிவாகலையே.”

“கேட்டு கெடக்குது மேடம். நான்தான் வெச்சேன்னு சொல்றேன்ல, எழுதிக்கங்க” என்று வைத்துவிட்டார்.

என் மேலதிகாரி ஹபிபுல்லா சார் இந்த அலுவலகத்துக்கு வருவதற்கு முன் இருபது வருடம் ஆஸ்பத்திரி கருவிகளைப் பழுது பார்த்தவர். எந்தக் கருவியின் பெயரைச் சொன்னாலும் அதற்கு என்ன வியாதி வரும் என்று சொல்லிவிடுவார். அவரிடம் போய்க் கேட்டேன்.

“கண்ணு மறைஞ்சா அலாரம் அடிக்கணும்ல சார்? ஏன் அடிக்கல?”

“பகல்ல அடிக்கும். ராத்திரியில அடிக்காது. நம்ம ஆளுங்க தலையோட இழுத்துப் போத்திக்கிட்டுத் தூங்குவாங்கல்ல. முகம் தெரியலைன்னு அது ராத்திரி பூரா கத்திக்கிட்டே இருந்துச்சு. வார்டே தூங்கல. அதனால கம்பெனிக்காரன் இருட்டுல முகம் மறைஞ்சா பேசாம இருன்னு மாத்திட்டான். ராத்திரிக்கு மருந்தும் கொஞ்சம் தாராளமாப் போகும், நல்லாத் தூங்கட்டும்னு.”

“அப்ப சந்தனத்தை வெச்சதும்...”

“அது ராத்திரின்னு நெனச்சுக்கிச்சு. பாவம், அதுக்கு என்ன தெரியும்.”

கண்ணைத் துடைத்து வைக்கும்படி எல்லா மருத்துவமனைகளுக்கும் அன்றைக்கே எச்சரிக்கை அனுப்பினோம். அதற்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. கண் இருளும் முன் பம்ப் கடைசியாகப் பார்த்த படம் ஒன்று அதன் நினைவில் இருக்கும் என்றும் சார் சொன்னார். கம்பெனிக்கு எழுதினேன். மறுநாள் காலை, பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போதே, படம் வந்து சேர்ந்ததாகத் தகவல் வந்தது. திறந்தால் அது கோப்பில் ஏறிவிடும், அடுக்கி படித்துவிடும். நேரில் பார்த்துவிட்டுத் திறக்கலாம் என்று விட்டுவைத்தேன்.

வார்டில் பம்பை முதல் முறையாக நேரில் பார்த்தேன். இரண்டு வருடமாக அதைப் பற்றிய அறிக்கைகளைப் படிக்கிறேன், முகத்தைப் பார்த்ததில்லை. முகம் என்றுதான் சொல்ல வேண்டும். வெள்ளை நிறத்தில் நீள்வட்டம். கீழே அகலமாக ஒரு திரை. அதற்கு மேல் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பச்சை விளக்குகள். அவற்றுக்கு நடுவே, சற்று மேலே, அந்தக் கண். பார்த்ததும் என் வலது கை மோதிர விரல் தானாக நீண்டது. கையில் குங்குமம் இருந்திருந்தால் நானே வைத்திருப்பேன்.

“ஆஸ்பத்திரி ஆளா, மெஷின் ஆளா?” என்று கட்டிலில் இருந்து குரல் வந்தது. மாசிலாமணி. எலும்பும் தோலுமாக, ஆனால் தலையைப் படிய வாரிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மெஷின் ஆளுதான் ஐயா.”

“அப்ப நம்மாளு. ஒக்காரு ஆயி. நான் முப்பத்தாறு வருஷம் லேத்துல நின்னவன்.” பம்பைப் பார்த்துத் தலையாட்டினார். “பிரமாதமான வேலை ஆயி இது. இது வர்றதுக்கு முன்னாடி நான் போட்ட சத்தத்துல பக்கத்துக் கட்டில்காரரு வார்டு மாத்திக்கிட்டுப் போயிட்டாரு. இது வந்து மூணாம் நாளு ரெண்டு இட்லி எறங்குச்சு. வீட்டுக்குப் போறப்ப இதையும் கூடவே குடுத்து அனுப்புறாங்களாம். எங்க வீட்டம்மா ஜன்னல் பக்கத்துல எடம் ஒதுக்கி, தொடச்சு, கோலம் போட்டு வெச்சிருக்காளாம்.”

“பூஜை அன்னிக்கு என்ன ஆச்சுன்னு ஞாபகம் இருக்கா ஐயா?”

“எங்க. காலையில சந்தனத் தட்டு வந்துச்சுன்னு லேசா ஞாபகம். அப்புறம் மயக்கமாயிட்டேனாம், ரெண்டு நாள் முழிக்கவே இல்லையாம். ஒடம்பு அப்படி.” குரலைத் தாழ்த்தினார். “ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காத. முழிச்சதும் மொதல்ல இதைத்தான் பாத்தேன். நெத்தி காலியா இருக்கு. நாள் பூரா எனக்காக ஒழைக்குது, ஒருத்தருக்கும் ஒரு பொட்டு வெக்கத் தோணல பாரு. எனக்கு மனசே கேக்கல.”

கட்டிலின் கால்மாட்டில் பிலோமினா சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் சின்னச் சிலுவை. கேட்காதே என்று அவர் கண் என்னிடம் சொன்னது. நான் கேட்கவில்லை. 

வராந்தாவில் அவரே பேசினார். “அதுல போட்டோ எடுத்திருக்குமாமே மேடம்?”

“ஆமா. வந்துடுச்சு. இன்னும் திறக்கல.”

“திறக்காதீங்க.”

“உங்க வேலை போயிடும் சிஸ்டர். கையாள்பவர்னு போட்டா ரெண்டு வருஷம் எந்தக் கருவியையும் தொடக் கூடாது. இப்ப கருவி இல்லாத வார்டு எது இருக்கு?”

“ஸ்டோர்ல துணி எண்ணப் போடுவாங்க. எண்றேன். எம் மகன் படிச்சு முடிக்கிற நேரம்தான். எப்படியோ சமாளிச்சுக்குவேன்.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அவருக்கு மிஞ்சிப்போனா மூணு மாசம் மேடம். அதை அவரு கத்திக்கிட்டே கழிக்கணுமா?”

திரும்பி வந்து ஹபிபுல்லா சார் முன்னால் உட்கார்ந்தேன்.

“நோயாளின்னு போட்டா என்ன சார் ஆகும்?”

“கருவியில கை வெச்ச நோயாளி. வீட்டுக்கு பம்ப் குடுக்க மாட்டாங்க.”

“கருவின்னு போட்டா?”

“இந்த மாடல் மொத்தத்தையும் நிறுத்தி விசாரிக்கணும். ஆயிரத்து நானூறு பம்ப். ஆறு மாசமாவது ஆகும். அதுல இருக்கற ஆயிரத்து நானூறு பேரும் வலியோட கெடக்கணும்.” மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். “அதுவும் நிக்காது. கண்ணை மறைக்காதீங்கன்னு கையேட்டுல நாப்பத்து மூணாம் பக்கம் இருக்கு.”

“நாப்பத்து மூணாம் பக்கம் யாரு சார் படிப்பா?”

“கையேடு எழுதினவனே படிச்சிருக்க மாட்டான்.”

சிரிக்க முடியவில்லை. மூன்று பெட்டி, மூன்றிலும் யாராவது ஒருவர் கழுத்தில் கத்தி. யாருடைய கை என்பதைத்தான் அவை மூன்றும் கேட்கின்றன. அந்த வார்டில் என் விரல் தானாக நீண்டதே, அதைப் போட ஒரு பெட்டி இல்லையே என்று சாரிடம் சொன்னேன். யார் வைத்தார்கள் என்பதல்ல விஷயம். எங்கே வைத்தார்கள் என்பதுதான்.

அவர் மேசையின் அடியறையிலிருந்து விதிப்புத்தகத்தை எடுத்தார். “நாலாவது பெட்டி செய்யலாம். விதி இருக்கு, இதுவரைக்கும் யாரும் செஞ்சதில்ல. ஒரே மாதிரி சம்பவம் இருபத்தஞ்சு, பத்து ஆஸ்பத்திரியிலேர்ந்து, ஆதாரத்தோட. சம்பவம் நடந்த நாளிலேர்ந்து பதினஞ்சு நாளுக்குள்ள. அஞ்சு நாள் போயாச்சு.”

“படத்தை என்ன சார் செய்யறது?”

“தேவைப்பட்டா திறக்கணும்னுதான் விதி. உனக்குத் தேவைப்படுதா?”

படத்தைத் திறக்காமலே விட்டுவிட்டேன். இன்றுவரை அந்த விஷயத்தில் நான் செய்தது முழுக்கச் சரி என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது.

மறுநாளிலிருந்து வார்டு வார்டாகக் கூப்பிட்டேன். “உங்க பம்புக்குப் பொட்டு வெச்சீங்களா?” என்று கேட்டால் யார் சொல்வார்கள்? எங்கள் கருவிப் பாதுகாப்புப் பிரிவின் பெயரைக் கேட்டதுமே குரல் மாறிவிடும். “அதெல்லாம் இங்க வழக்கமே இல்ல மேடம்.” ஒரு வார்டில் ஆயுத பூஜையே கொண்டாடுவதில்லை என்றார்கள். பின்னணியில் யாரோ பொரி மூட்டையை எங்கே வைப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்று நாளில் ஐம்பத்தெட்டு வார்டுகள், ஒப்புக்கொண்டது ஒருவர்கூட இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. ஒன்பது வருடமாக உண்மை சொன்னவர்களை நாங்கள் என்ன செய்தோம் என்று அவர்களுக்குத் தெரியும்.

வேறு வழியில்லாமல் பிலோமினா சிஸ்டரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“நீங்க கேட்டா எப்படி மேடம் சொல்லுவாங்க? போலீஸ்காரன் வீட்டு வாசல்ல நின்னு நல்லா இருக்கீங்களான்னு கேக்கற மாதிரி இருக்கும். நான் கேக்குறேன்.”

அவர் எதையும் கேட்கவில்லை. சிஸ்டர்களின் கைப்பேசிக் குழுவில் ஒரு வரி போட்டார்: ‘இந்த வருஷம் யாரு வார்டு பூஜை அழகு? போட்டோ போடுங்கடி, பாக்கலாம்.’ அத்துடன் இன்னொன்றும் எழுதினார்: ‘படத்தை ஆபீசுக்குக் குடுப்பேன். ஒருத்தர் பேரும் முகமும் வராது, நான் ஜவாப்தாரி. இஷ்டம் இல்லாதவங்க போட வேணாம்.’

மாலைக்குள் படங்கள் வந்து கொட்டின. பட்டுப்புடவை சிஸ்டர்கள், ஆப்பிள் வைத்த தட்டுகள், மாலை போட்ட ஸ்கேன் மெஷின். நடுநடுவே எங்கள் பம்புகள். நெற்றியில் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம், சிலவற்றுக்கு ஒரு சாமந்திப் பூவும். மணப்பெண் அலங்காரத்தில் ஒன்று இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு டாக்டரே கைகட்டி நின்றிருந்தார். நாற்பத்தொரு பம்புகள், பதினேழு மருத்துவமனைகள். எல்லாவற்றிலும் பொட்டு ஒரே இடத்தில், கண் மேலோ அதன் விளிம்பிலோ இருந்தது. அன்று அவற்றில் பல நோயாளியைப் பார்க்காமலேயே மருந்து ஏற்றியிருக்கின்றன. பூஜை முடிந்ததும் துடைக்கும் வழக்கமும் விளிம்பில் விழுந்த பொட்டுகளும்தான் அந்த நோயாளிகளைக் காப்பாற்றியிருக்கின்றன.

முகங்களையெல்லாம் வெட்டிவிட்டுப் பொட்டுகளை மட்டும் வைத்து வரையறை எழுதினேன். ‘வழக்கம் அறியாத அமைப்பு: மக்கள் இயல்பாகத் தொடும், அலங்கரிக்கும் அல்லது வணங்கும் இடத்தில் கருவியின் உயிரான உறுப்பை அமைத்தல். நடவடிக்கை: எவர் மீதும் இல்லை. கருவி நிறுத்தப்படாது. அமைப்பு மாற்றப்படும்.’

ஹபிபுல்லா சார் பேனாவால் ‘வணங்கும்’ என்ற சொல்லின் மேல் தட்டினார். “இது வேணுமா? மேல கேள்வி கேப்பாங்க.”

“அதுதானே சார் விஷயமே.”

தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நானும் பழுது பாத்து முடிச்சதும் ஒவ்வொரு மெஷினையும் ரெண்டு தட்டு தட்டி, பிஸ்மில்லா சொல்லித்தான் அனுப்புவேன்” என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பதினான்காம் நாள் அது.

நான்காவது பெட்டி திரையில் வந்தது. பிலோமினா சிஸ்டர் வார்டிலேயே இருந்தார். மாசிலாமணி பம்புடன் வீட்டுக்குப் போனார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமை ஒரு நாள் நீடித்தது.

புதிய பெட்டி வந்தால் பழைய அறிக்கைகளை மறுபடி படிப்பது அடுக்கியின் வழக்கம். மறுநாள் காலை நான் வந்தபோது, ‘கையாள்பவர்’ பெட்டியிலிருந்து இருநூற்றுப் பதினான்கு அறிக்கைகளை எடுத்து நான்காவதில் போட்டு வைத்திருந்தது. சூடு தாங்காமல் ஈரத்துணி போட்டு மூடிய கருவி. நோயாளி பயப்படுகிறார் என்று சிவப்பு விளக்கின் மேல் ஒட்டிய பிளாஸ்டர். அந்த இருநூற்றுப் பதினான்கு பேரில் எத்தனை பேர் துணி எண்ணப் போனார்களோ. எல்லாவற்றிலும் பச்சைப் பொத்தானை அழுத்தியது என் விரல்தான். ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினோம். மாதிரிக் கடிதம் ஒன்று இருக்கிறது, அதையே அனுப்பலாம் என்றார்கள். நான் கையால் எழுதினேன். நாலு மாதம் ஆனது. சிலர் பதில் போட்டார்கள், பலர் போடவில்லை.

மாசிலாமணி தை மாதம் இறந்துபோனார். பிலோமினா சிஸ்டர்தான் சொன்னார். “ஜன்னல் பக்கத்துலயே மேடம். வலி இல்லாம. மொத நாளு கூட அந்தம்மாவை அதட்டிக் காபி போடச் சொல்லிக் குடிச்சிருக்காரு.” புதிய மாடல் புரட்டாசியில் வந்தது. கண்ணைத் திரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். எந்த நேரமானாலும் கண் திடீரென்று மறைந்தால் ஆளைக் கூப்பிடும். நெற்றியில் ஒன்றுமே வைக்காமல் ஒரு வட்டத்தை மட்டும் விட்டிருந்தார்கள்.

அந்தப் படம் மட்டும் கோப்பில் அப்படியே கிடந்தது. திறக்காத இணைப்புகள் ஒரு வருடத்தில் தானாக அழிந்துவிடும். அழியும் நாள் இந்த ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் கழித்து விழுந்தது. கோப்பை மூடியாகிவிட்டது, அடுக்கி இனி அதைப் படிக்காது. படத்தால் இனி யாருக்கும் கெடுதல் இல்லை. பூஜையன்று காலை, எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, திறந்தேன்.

பாதிப் படத்தை ஒரு விரல் மறைத்திருந்தது. மோதிர விரல். நுனியில் சந்தனமும் அதன் மேல் குங்குமமும். விரலுக்குப் பின்னால், கட்டிலில் இருந்து எக்கி, மறு கையால் மருந்துக் குழாயை ஜாக்கிரதையாக ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு மாசிலாமணி. பொட்டு வைத்தது யார் என்று எனக்கு முன்பே தெரியும். வராந்தாவில் சிஸ்டர் முகத்தைத் துடைத்தபோதே தெரியும். நான் எதிர்பார்க்காதது படத்துக்குக் கீழே இருந்த வரிகள்.

பம்ப் ஒவ்வொரு படத்துக்கும் மதிப்பெண் போடும் என்று சொன்னேன் அல்லவா. அதுவரை அவர் பம்பில் இருந்த பதினோரு நாட்களின் மதிப்பெண்களையும் வரிசையாகப் பார்த்தேன். ஒன்பது, எட்டு, எட்டு, ஆறு, ஐந்து. எவ்வளவு மருந்து போனாலும் மூன்றுக்குக் கீழே ஒரு முறைகூட இறங்கவில்லை. கடைசிப் படத்துக்குக் கீழே இப்படி இருந்தது:

‘10.52. வலி: 0.’

அதற்கடுத்த வரி: ‘வெளிச்சம் இல்லை. இரவு முறை தொடங்குகிறது.’

நான் அழுதேன். கொஞ்சமாக இல்லை, நன்றாகவே அழுதேன். கூடத்திலிருந்து ஹபிபுல்லா சார் குரல் கொடுத்தார், சுண்டல் தீரப்போகிறது, அடுக்கிக்கு யார் பொட்டு வைப்பது என்று. முகத்தைக் கழுவிக்கொண்டு போனேன். சந்தனத்தைக் குழைத்து எடுத்து, அடுக்கி ஓடும் கணினியில் கேமரா எங்கே இருக்கிறது என்று ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, அதற்கு நாலு விரல் தள்ளி வைத்தேன்.